தோடம்பழத் தோலும் பால் படலமும்: மாடல் காருக்குக் கிளியர் அடிக்கிற கதை

தம்பி, நீர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 1/24 அளவில் ஜப்பானின் தமியா கொம்பனி விற்கிற மினி கூப்பர் பிளாஸ்ரிக் மாடல், சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை. ஐப்பசிக் கடைசியில் மழை விட்ட ஒரு பின்னேரம், விறாந்தையில் வைத்து தமியாவின் ரி.எஸ்-13 கானால் கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் மினுக்கத்துக்குப் போடுகிற நிறமில்லாப் பூச்சு, அடித்திருக்கிறீர். பொனெற் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாய் வந்துவிட்டது. கதவுப் பக்கம் பால் ஊற்றியது போல வெளிறிவிட்டது. கதவில் இருந்த இலக்க டெக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற மெல்லிய படம், சுருங்கிவிட்டது. கிளியர் தரமில்லையா, என் கை சரியில்லையா, இல்லை யாழ்ப்பாணத்துக் காலநிலைக்கே இது சரிவராதா என்று கேட்கிறீர்.

கிளியர் நல்ல கிளியர். கையிலும் பெரிய பிழை இல்லை. நீர் அடித்த நாளும் அடித்த தூரமும்தான் பிழை. மூன்று பழுதும் மூன்று வேறு நோய் மாதிரித் தெரிந்தாலும், மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கிளியர் எவ்வளவு நேரம் ஈரமாக நின்றது?

மினுக்கம் என்பது கிளியரின் நிறமோ குணமோ அல்ல, மட்டம். மேற்பரப்பு மட்டமாக இருந்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும், கண்ணாடி மாதிரி இருக்கும். மேடு பள்ளமாக இருந்தால் நாலா பக்கமும் சிதறும், மங்கலாக இருக்கும். கானில் இருந்து வருவது ஆயிரக்கணக்கான சின்னத் துளிகள். அவை உடம்பில் விழுந்ததும் ஒன்றோடு ஒன்று கலந்து, தண்ணீர் போலத் தானாக மட்டமாக வேண்டும். அந்த வேலை நடப்பது ஈரமாக இருக்கிற சில நிமிடங்களுக்குள். கிளியரை இளக்கி வைத்திருக்கிற தின்னர் பறக்கப் பறக்கக் கிளியர் தடிக்கும், பிறகு அசையாது. அந்த நிமிடங்கள் போதாவிட்டால் துளி துளியாகவே உறைந்துவிடும்; அதுதான் உமது பொனெற். தேவைக்கு மேல் போனால் கீழே வழியும், கீழ் இருக்கிற டெக்காலையும் தின்னும்.

இனி எங்கள் ஊர். வெளிநாட்டு வீடியோக்களில் இரண்டு புத்திமதி தவறாமல் வரும். ஒன்று, கானைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கு. மற்றது, குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு நீராவியால் தூசியை அடக்கிவிட்டு அங்கேயே அடி. இரண்டும் அந்த ஊர்களுக்குச் சரி. அங்கே கான் குளிரில் கிடக்கும், உள்ளே அமுக்கம் குறைவு, துளி பெரிதாக வரும். காற்றும் காய்ந்து கிடக்கும். இங்கே கான் இருக்கிற இடத்திலேயே 30 பாகை. அதை இன்னும் சூடாக்கினால் துளி பொடியாகி, உடம்பில் விழ முதலே பாதி காய்ந்துவிடும். நீராவிக் கதையை விட்டுவிடும். எங்களுக்கு ஈரம் கடனுக்கு வாங்க வேண்டிய பொருள் இல்லை.

பால் படலம் எப்படி வருகிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது. தின்னர் பறக்கும்போது மேற்பரப்பில் இருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிற் பூசினால் குளிருமே, அதே விஷயம். அப்படிக் குளிர்கிற மேற்பரப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் காற்றில் இருக்கிற நீராவி அதில் பனியாகப் படியும். அந்தத் துளிகள் கிளியருக்குள் சிக்கி வெள்ளையாகத் தெரியும். இப்போது கணக்கைப் பாரும். மழைநாளில் 30 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் என்று வைத்தால், பனி படியத் தொடங்குவது ஏறக்குறைய 27 பாகையில். மூன்று பாகை குளிர்ந்தால் போதும், பால் வந்துவிடும். உமது கானில் இருந்து வருவது லாக்கர், கடுந்தின்னரில் கரைத்த, கெதியாகக் காய்கிற இனம்; அது அதைவிடக் கூடவே குளிரவைக்கும். அதே யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ந்த நாளில் 32 பாகை, 55 விழுக்காடு என்றால் பனிநிலை 22 பாகை அளவில். பத்துப் பாகை இடைவெளி. அன்றைக்கு நீர் விரும்பினாலும் பால் வராது.

நீர் ஐப்பசிக் கடைசியில் அடித்தீர். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். மழை விட்டதும் வெயில் எறிக்கும், நாங்கள் வானம் வெளித்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அந்த வெயில்தான் முற்றத்து ஈரத்தை எல்லாம் காற்றில் ஏற்றுகிறது. மழை பெய்துகொண்டிருக்கிற நேரத்தைவிட விட்டு ஒரு மணித்தியாலம் கழித்து அடிப்பது மோசம் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர், ஆனால் எனக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

ஈரமானி ஒன்று வாங்கலாம், சின்ன டிஜிற்றல் ஒன்று, விலையும் பெரிதில்லை. 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் லாக்கர் கிளியரைத் தொடவேண்டாம். ஈரமானி இல்லையா? குசினியில் இருந்து ஒரு பிடி ஆனையிறவு உப்பை எடுத்து, உலர்ந்த பீங்கானில் பரப்பி, நீர் பெயின்ற் அடிக்கிற இடத்தில் ஒரு மணித்தியாலம் வையும். ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேலே போனால்தான் உப்பு கசியும். சாதாரண உப்பில் வேறு உப்புகளும் கொஞ்சம் கலந்திருப்பதால் இன்னும் சற்று முன்னதாகவே கசிந்து காட்டும். எங்கள் தேவைக்கு அது நல்லதுதான். உப்பு பொலபொலவென்று இருந்தால் அடியும். விரலில் ஒட்டினால் அன்றைக்கு வேறு வேலை பாரும். சில்லுக்கு ரயர் மாட்டும், இருக்கைக்கு நிறம் பூசும்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால், என் கணக்கில் மாசி நடுவில் இருந்து சித்திரைக்கு முதல். ஆனால் காலையில் இல்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஏழு மணிக்கு ஓட்டில் இருந்து சொட்டும். பத்து மணிக்குப் பிறகு பனி விலகிவிடும், வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்காது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அடித்து முடித்துவிடும். சித்திரை, வைகாசிக் கொடுவெயிலான காண்டாவனத்தில் நேரெதிர்: காலை வேளைதான், எட்டு எட்டரைக்குள். அப்போது வருகிற வியாதி பால் அல்ல, தோடம்பழத் தோல். சோளகம் என்கிற தென்மேல் காற்றுத் தொடங்கினால் அதோடு செம்மண் தூசியும் வரும். வலிகாமத்தில் இருக்கிற உமக்கு அதைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் விறாந்தையை மறந்துவிட்டு, ஜன்னல் பூட்டிய அறை ஒன்றைத் தேடும். அதில் புகை போக ஒரு வழி இருக்க வேண்டும், மின்விசிறி நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, இனி கை வேலை.

அடிக்க முதல் உடம்பைப் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு துளி விட்ட தண்ணீரில் மெதுவாகக் கழுவி, தானாகக் காயவிடும். இதை நான் ஒருகாலம் அலட்சியம் செய்தவன். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஒரு நீல நிறக் காரைத் தூக்கிப் பிடித்து அடித்தேன். கூரையில் ஐந்து விரலுக்கும் ஐந்து வட்டம், நடுவில் கிளியர் ஒட்டாமல் விலகி மீன் கண் மாதிரி நின்றது. தேங்காயெண்ணெய் எவ்வளவு மெல்லிதாக இருந்தாலும் கிளியர் அதன்மேல் நிற்காது. கார் மினுக்கவென்று விற்கிற சிலிக்கோன் மெழுகுகள் அதைவிட மோசம். அவற்றை அடிக்கிற அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

உடம்பை ஒரு பழைய சோடாப் போத்தலில் ரேப் சுற்றி உள்பக்கமாக மாட்டினால், ஒரு கையால் போத்தலைச் சுழற்றிக்கொண்டு மற்றக் கையால் அடிக்கலாம். தரைக்குத் தண்ணீர் தெளிப்பது பெயின்ற் கராஜ்காரர்களின் வழக்கம், தூசி அடங்கும். காய்ந்த நாளில் கொஞ்சம் தெளியும், மாரியில் வேண்டாம். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வரவேண்டாம். அதில் இருந்து உதிர்கிற தும்புதான் பாதிப்பேருடைய காரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் இரண்டு தூவல். தூவல் என்றால் உண்மையிலேயே தூவல்: 25, 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று, கை வேகமாக, உடம்பு மங்கலாகவே தெரியும்படி. இதைப் பார்த்துப் பயந்து கூட அடிக்கவேண்டாம். இது மினுக்கத்துக்கு இல்லை, அடுத்த பூச்சுக்குப் பிடிமானம். கீழே இருக்கிற டெக்காலுக்கு ஒரு மெல்லிய கவசம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம்.

பிறகு ஈரப் பூச்சு. இங்கேதான் நீர் பிழைவிட்டிருக்கிறீர் என்று நினைக்கிறேன். வழிந்துவிடுமோ என்ற பயத்தில் பொனெற்றை மட்டும் தூரத்தில் இருந்து பல தரம் தூவியிருக்கிறீர். தூவலுக்கு மேல் தூவல் போட்டால் மட்டம் வராது, மணலுக்கு மேல் மணல்தான். ஈரப் பூச்சுக்கு 15 இல் இருந்து 20 சென்ரிமீற்றருக்குள் வாரும். காருக்கு வெளியே வெறுங்காற்றில் கானை அமத்தத் தொடங்கி, காரைக் கடந்து வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். கான் தொடங்கும்போதும் நிற்கும்போதும் துப்பும், அந்தத் துப்பல் காரில் விழக்கூடாது. ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு பாதி ஏறவேண்டும். சில்லு வளைவுகள், கண்ணாடித் தூண்கள், விளிம்புகளை முதலில் முடித்து, பக்கங்களுக்கு வந்து, பொனெற்றையும் கூரையையும் கடைசியில் அடியும். அவை கடைசியாக ஈரமாகினால், மற்ற இடங்களில் இருந்து பறந்து விழுகிற தூளையும் உருக்கிக்கொள்ளும்.

எவ்வளவு அடித்தால் போதும்? இதற்கு எண்ணிக்கை கிடையாது, கண் வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு ரியூப் லைற் எரியவிட்டு, அதன் விம்பம் காரில் எங்கே விழுகிறது என்று பாரும். பெயின்ற்றைப் பார்க்காமல் விம்பத்தைப் பார்க்கப் பழகவேண்டும். முதலில் அது பஞ்சு மாதிரி மங்கலாக இருக்கும். கிளியர் விழ விழ விளிம்பு கூர்மையாகும். லைற்றின் விளிம்பு ஒரு கோடாகத் தெரிகிற அந்த நொடி நிறுத்தும். அதற்குப் பிறகு போடுகிற ஒவ்வொரு துளியும் மினுக்கத்துக்கு இல்லை, கதவடியில் கண்ணீராக வழிவதற்கு. அரை மணித்தியாலம் விட்டு இன்னொரு ஈரப் பூச்சு. பெரும்பாலும் இரண்டு போதும்.

உடனே மூடவேண்டும். சுத்தமான பெரிய சருவச்சட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் சின்னக் கல் ஒன்றை வைத்துத் தூக்கிவிட்டால் தின்னர் ஆவி வெளியே போகும், தூசி உள்ளே விழாது. அப்படியும் நுளம்பு வந்து இருக்கும், அது எங்கள் நாட்டு நுளம்பு. இருந்தால் விடும். ஈரத்தில் பிடுங்கப் போனால் காலை விட்டுவிட்டு வரும், கூடவே ஒரு குழியும். காய்ந்த பிறகு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வோட்டர் பேப்பரால் எடுத்தால் காலும் போகும், தடமும் போகும்.

எயர்பிறஷ், அதாவது காற்றமுக்கத்தால் பெயின்ற் தூவுகிற சின்னக் கருவி, வைத்திருந்தால் கதை கொஞ்சம் லேசு, ஏனென்றால் ஈரம் நிற்கிற நேரத்தை நீரே தீர்மானிக்கலாம். மிஸ்டர் கலர் என்கிற பெயின்ற் வகையின் ஜி.எக்ஸ்-100 கிளியர் ஒரு பங்குக்கு அவர்களுடைய லெவலிங் தின்னர் ஒன்றரை, இரண்டு பங்கு. அந்தத் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்துகிற பொருள் கலந்திருக்கிறது. எங்கள் வெப்பத்துக்காகவே செய்தது போல இருக்கும்; தோடம்பழத் தோலுக்கும் பாலுக்கும் ஒரே மருந்து. 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அமுக்கம், 0.3 அல்லது 0.4 மில்லிமீற்றர் ஊசி, பத்துச் சென்ரிமீற்றர் தூரம். தமியாவின் எக்ஸ்-22 போத்தல் கிளியரும் இதே லெவலிங் தின்னரோடு அழகாகப் படியும், அதன் சொந்தத் தின்னரைவிட நன்றாக என்பது என் அபிப்பிராயம். ஹாட்வெயாரில் லீற்றர் கணக்கில் விற்கிற என்.சி. தின்னரைக் கலக்க ஆசை வரும். அது எயர்பிறஷ் கோப்பையைக் கழுவ நல்லது. மாடலின் பிளாஸ்ரிக்கைக் கடிக்கும். கார்க் கடைகளில் விற்கிற கிளியர் கான்களும் அப்படித்தான். எதையும் முதலில் ஐஸ்கிறீம் கடை வெள்ளைக் கரண்டியில் அடித்துப் பாரும். அந்தக் கரண்டி பெரும்பாலும் மாடலின் பிளாஸ்ரிக் இனம்தான். அதிலும் உமது சிவப்பை அடித்து, டெக்கால் மிச்சம் ஒன்றை ஒட்டி, மேலே கிளியர் போட்டால் முழுப் பரீட்சையும் ஐந்து ரூபாய்ச் சாமானில் முடிந்துவிடும்.

ஒன்றின்மேல் ஒன்று எது போகும் என்பதை மட்டும் மனதில் வையும். லாக்கர் மேல் எனாமலும் அக்ரிலிக்கும் போகும். எனாமல் மேல் லாக்கர் போனால் தோல் சுருங்கும், பொரித்த அப்பளம் மாதிரி. எனாமல் கிளியருக்கு இன்னொரு பழுது இருக்கிறது: வருடக்கணக்கில் மஞ்சளாகும். சிவப்பில் தெரியாது, உமது வெள்ளைக் கூரையில் தெரியும்.

வெளிநாட்டு உறவினரைக் கொண்டு எடுப்பிக்க நினைக்கிறீர் போலும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற மாமாவிடம் கான் கேட்கவேண்டாம். தீப்பற்றும் பெயின்ற் கானும் லாக்கர் போத்தலும் விமானப் பயணப் பொதியில் கொண்டுவரத் தடை, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். தண்ணீரில் கரைகிற, தீப்பற்றாத அக்ரிலிக் கிளியர் என்றால் பிரச்சினை இல்லை. அதற்குப் பால் நோயும் குறைவு, ஆனால் லாக்கர் அளவுக்குக் கடினமாகாது, மினுக்கித் தேய்ப்பதற்கு ஒத்துழைக்காது.

டெக்காலுக்கு வருவோம். அது மெல்லிய படலம், லாக்கர் தின்னர் அதைக் கரைக்கும். தூவல் இல்லாமல் நேரே ஈரப் பூச்சுப் போட்டால் சுருங்கும். உமக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும்: டெக்கால் ஒட்டிய அன்றே அடித்தீரா? அடியில் தண்ணீர் இருந்தால் மேலே கிளியர் மூடியதும் அது போக வழியில்லை. மாரியில் இரண்டு நாளாவது விடவேண்டும். சுற்றிவர நின்ற பசையை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளியருக்கு அடியில் மண்ணிறமாகத் தெரியும்.

தமியா சிவப்பு அடித்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சிவப்பு நிறமி சிலது லாக்கரில் மேலே ஏறிவரும். கனமாகக் கிளியர் போட்டால் வெள்ளைக் கூரையின் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடும். 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ராலியை வென்ற மினிகளின் சிவப்பு வெள்ளைதானே உமக்கு வேண்டும். ரோசாக் கூரை இல்லை. கூரையும் உடம்பும் சந்திக்கிற இடத்தில் ஈரப் பூச்சை மெல்லிதாகவே வையும்.

காய்வது. தொட்டால் ஒட்டாது என்பதும் காய்ந்தது என்பதும் ஒன்றல்ல. மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பாரும். தின்னர் மணம் இருக்கும் வரை உள்ளே இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. காய்ந்த காலத்தில் ஒரு கிழமை, மாரியில் இரண்டு. அவசரக்காரர் சிலர் பிஸ்கற் பெட்டிக்குள் இழை மின்குமிழ் எரியவிட்டு வைப்பார்கள். செய்யலாம், ஆனால் உள்ளே வெப்பமானி ஒன்று வைத்து 45 பாகைக்கு மேல் போகாமல் பாரும். என்னுடைய ஒரு காரின் கூரை அப்படியொரு பெட்டிக்குள் தொட்டில் மாதிரிக் குழிந்தது.

அதன்பிறகு தேய்ப்பு. எல்லோரும் இதைத்தான் இரகசியம் என்று நினைக்கிறார்கள். நன்றாக அடித்த காருக்குத் தேய்ப்பு மிகக் கொஞ்சம்தான் வேண்டும். 2000 இலக்க வோட்டர் பேப்பரில் தொடங்கி, 3000, அதற்கு மேல் கிடைத்தால் மெல்லியது. தண்ணீரில் ஒரு துளி சோப்பு. நடுவைத் தேய்க்கலாம், விளிம்பைத் தொடக்கூடாது. விளிம்பில் கிளியர் எப்போதும் மெல்லிது. கதவு விளிம்பு, பொனெற் மடிப்பு எல்லாவற்றுக்கும் மெல்லிய ரேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது என் வழக்கம். தண்ணீர் சிவப்பாகிறதா, கையை எடும், கிளியர் முடிந்துவிட்டது. முதல் தேய்ப்பில் மேட்டின் தலைகள் மட்டும் மங்கி, பள்ளங்கள் மினுங்கிக்கொண்டு தெரியும். அந்த மினுங்குகிற புள்ளிகள் மறைந்ததும் மட்டம் வந்துவிட்டது. பிறகு மினுக்குகிற பசையான தமியா கொம்பவுண்ட் மூன்று தரத்தில் கிடைக்கிறது, வரிசையாகப் போகலாம். துணிக்குப் பல தரம் தோய்த்த பருத்திச் சாரத்துக்கு மிஞ்சினது இல்லை. அழுத்தித் தேய்த்தால் சூடேறி லாக்கர் இளகும். கதவுக் கோடுகளுக்குள் நிற்கிற வெள்ளைக் கொம்பவுண்டைப் பழைய பல்தூரிகையால் கழுவவேண்டும். மெற்றாலிக் நிறம் என்றால் கிளியருக்கு முதல் நிறத்தை ஒருபோதும் தேய்க்க வேண்டாம்.

2கே கிளியர் பற்றிக் கேட்டிருந்தீர், ஊரில் கார் பெயின்ற் அடிப்பவர்கள் இறுகவைக்கிற ஹாட்னரைக் கலந்து அடிக்கிறார்களே, அதை மாடலுக்குப் போட்டால் என்ன என்று. மினுக்கம் என்று பார்த்தால் அதற்கு நிகரில்லை, தேய்க்கவே தேவையில்லாமல் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் ஹாட்னரில் ஐசோசயனேற்று இருக்கிறது. அது நுரையீரலைப் பழுதாக்கும். ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சின்ன அளவுக்கே இழுப்பு வரும், ஆயுள் முழுக்க. துணி மாஸ்க்கும் கொரோனாக் காலத்து மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் இல்லை. வெளியில் இருந்து குழாயில் காற்று வருகிற முகமூடி வேண்டும். வீட்டில் அடிக்கவே வேண்டாம். சாதாரண லாக்கருக்கும் கரிவடிகட்டி உள்ள அரைமுகமூடி போடும். கானில் வருகிற வாயு தீப்பற்றும், ஆகவே சுவாமி விளக்கு எரிகிற பக்கத்து அறை, காஸ் அடுப்பு எரிகிற குசினி இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு மினுக்கம் வேண்டும் என்பதையும் யோசியும். கிளியர் நாற்பது மைக்ரோன் தடிப்பில் இருந்தால், 24 ஆல் பெருக்கிப் பாரும்: உண்மைக் காரில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். உண்மைக் காரின் கிளியரோ அதே நாற்பது, ஐம்பது மைக்ரோன்தான். அதனால்தான் கனமாக அடித்த மாடல் சீனிப்பாகில் தோய்த்த மிட்டாய் மாதிரி நிற்கிறது, கதவுக் கோடுகள் நிரம்பிப் போகின்றன. அதோடு, 1950களில் வந்த கார்களுக்குக் கிளியரே கிடையாது. நிறப் பெயின்ற் ஒன்றுதான், அதைத்தான் தேய்த்து மினுக்குவார்கள். எங்கள் தெருக்களில் இன்னும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர்களைப் போய்ப் பாரும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய வண்டிகள் அவை. அவற்றின் மினுக்கம் ஆழமாக, கொஞ்சம் மென்மையாக இருக்கும், கண்ணாடி மாதிரி இருக்காது. நான் ஒரு ஏ40ஐ மாடலாகச் செய்தபோது கிளியரே போடாமல் நிறத்தையே தேய்த்து விட்டேன். பார்க்க வந்த ஒரு பழைய ஹயரிங் கார்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பொனெற்றை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். விமான மாடல் செய்பவர்களுக்கு இது வேறு கணக்கு. அவர்கள் கிளியர் போடுவது டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கித் தெரியாமல் இருக்கத்தான், கடைசியில் மங்கல் பூச்சால் மூடிவிடுவார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தோடம்பழத் தோல் வந்தாலும் உலகம் அழியாது.

இப்போது உமது மினி. எறிய வேண்டாம். கதவுப் பக்கத்துப் பாலை முதலில் பாரும்: உப்பு காய்ந்து நிற்கிற ஒரு நாள் வரும்வரை காத்திருந்து, அதே கிளியரால் ஒரு மெல்லிய ஈரப் பூச்சுப் போடும். லாக்கர் பழைய லாக்கரைத் திரும்ப இளக்கும், சிக்கிய ஈரம் வெளியேறும், வெள்ளை உம் கண்முன்னே மறையும். எயர்பிறஷ் இருந்தால் லெவலிங் தின்னரை மட்டும் தூவினாலே போதும், டெக்காலுக்குக் கிட்டப் போகாமல். பொனெற்றை இரண்டு கிழமை காயவிட்டு, 2000 பேப்பரால் மேட்டுத் தலைகளை மட்டும் வெட்டி, கழுவி, ஒரே ஒரு ஈரப் பூச்சு. சுருங்கிய டெக்காலைத் தொடாமல் முழுதாகக் காயவிடும், சிலது தானாகவே இழுத்துக்கொண்டு மட்டமாகும். ஆகாவிட்டால் ரேப்பால் சுற்றி மறைத்து, தேய்த்து எடுத்துவிட்டுப் புதிது ஒட்டும்.

பம்பரும் கிறில்லும் கழற்றித்தானே வைத்திருக்கிறீர்? குரோம் பூசிய துண்டுகளில் கிளியர் பட்டால் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிவிடும். அவற்றை எல்லா வேலையும் முடிந்து, மூக்கில் மணம் இல்லாத நாளில் ஒட்டும்.